எட்டாவது பாட்டு முடியட்டும்னு

இல்லங்க பெவர்லி, அவரு வரமாட்டாரு. கோவிச்சுக்காதீங்க, உள்ளதைச் சொல்லிட்டேன். முதல்ல உக்காருங்க. அதுல வேணாம், ஸ்பிரிங் குத்தும், இந்தப் பக்கம் வாங்க. நெவில் டவுனுக்குப் போயிருக்காரு. அவங்க பேண்டோட முதல் ரெக்கார்டை மறுபடியும் போட்டிருக்காங்கல்ல, கடையில உக்காந்து கையெழுத்துப் போடணுமாம். நாலு பேர்ல இப்ப மிச்சம் ரெண்டு பேருதான். பழைய தோல் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டுப் போனாரு, வயித்துக்கிட்ட ஜிப் ஏறல. அறுபத்தேழு வயசுல அது எங்க ஏறும்?

உங்கம்மாவுக்கு டாக்டரு என்ன சொல்றாரு? ரெண்டு நாளா? அய்யோ. பேச்சு இருக்கா?

என்னது, மன்னிப்பா? நெவில்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா சொல்றாங்க? உங்கம்மாவா? ஐவி ஆன்ட்டியா?

இருங்க, டீ போடுறேன். பால் ஊத்தலாம்ல? கனடாவுல எப்படிக் குடிப்பீங்களோ தெரியல.

உங்களுக்கு இது முழுசாத் தெரிஞ்சிருக்காது. நீங்க கல்யாணம் கட்டிப் போனது எழுபத்தேழுலதானே? இது எண்பது, மார்ச் மாசம். நெவிலோட அப்பா ஹோரஸும் உங்கம்மாவும் ஒரே சுவத்துல ஒட்டுன வீடு, அது தெரியும். நெவிலுக்கு அம்மா போனதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை சாப்பாடு உங்க வீட்லதானாம். ஐவி ஆன்ட்டி கறிக்குழம்பு மாதிரி வராதுன்னு, கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒரே ஒரு தடவ வாய் தவறிச் சொல்லிட்டாரு. அப்புறம் சொன்னதே இல்ல.

ஹோரஸ் சங்கிலிப் பட்டறையில முப்பது வருஷம். நாளெல்லாம் இரும்பு சத்தத்துல நின்னுட்டு வரேன், நீ அதையே வீட்ல கிடார்ல அடிக்கிறியேடா, இதுக்குக் காசு குடுத்து வேற கேப்பாங்களான்னு கத்துவாராம். ரெக்கார்டிங்குக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில பெரிய சண்டை. நீ நல்லாவே இருக்க மாட்டேன்னு அவரு சொல்ல, நான் திரும்பி வரமாட்டேன்னு இவரு சொல்ல, கதவை அறைஞ்சிட்டு வேன்ல ஏறிட்டாரு.

நானா? நான் அந்த ஸ்டூடியோவுலதான் வேலை. அங்க பாத்ததுதான் அவரை. பர்மிங்காம்ல ஒரு டயர் கடைக்கு மேல மாடி. டேப் பெட்டியில பேரு எழுதறது, டீ போடறது, இந்த மாதிரி வேலைங்க. பேண்டு பேரு சிண்டர் பேங்க்னு எழுதச் சொன்னாங்க. நான் சிரிச்சிட்டேன். அது நெதர்டன்ல இருக்கிற தெருவுப்பா, எங்க சித்தி வீடு அங்கதான்னேன். நெவில் மூஞ்சி செவந்துபோச்சு.

ரெக்கார்டு கம்பெனிக்காரங்க ரெண்டே நாள்தான் குடுத்திருந்தாங்க. எட்டுப் பாட்டு. ரெண்டாம் நாள் ஆறு மணிக்கு லீட்ஸ்ல இருந்து வேற ஒரு பேண்டு வருது, சாமான் எல்லாம் காலி பண்ணியாகணும். மத்தியானத்துக்குள்ள ஏழு முடிஞ்சிருச்சு. எட்டாவதுதான் பெருசு. ஆரம்பிக்கிறாங்க, டிரம்ஸ் குச்சி ஒடையுது. மறுபடி ஆரம்பிக்கிறாங்க, பாடுறவனுக்குத் தொண்டை கட்டிக்குது. கீழ டயர் கடைக்காரரு ரெண்டு தடவ மேல வந்து கத்திட்டுப் போனாரு. அவரு கத்துறதே யாருக்கும் கேக்கல, அப்படிச் சத்தம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நெவில் பேஸ் கிடாரைத் தொடைக்குக் கீழ தொங்கவிட்டுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, யாரையும் பாக்கல. முந்தின நாள் காலையில போட்ட சண்டை பூரா அந்தக் கையில இருந்துச்சு. எனக்கு அப்ப இருபது வயசு. ஒரு மனுசன் அப்படி ஒரு வேலையில மூழ்கி நான் பாத்ததே இல்ல. மூணாவது தடவ வாசிக்கிறப்ப மத்தவங்க நிறுத்திட்டாங்க, இவரு கண்ணை மூடிக்கிட்டு தனியா வாசிச்சுக்கிட்டே இருந்தாரு. நாப்பது செகண்டு. அதை வெட்டலாமான்னு கேட்டாங்க, அப்புறம் அப்படியே விட்டுட்டாங்க. இன்னிக்கும் பிரேசில்ல இருந்து கடிதாசி வருதுன்னா அந்த நாப்பது செகண்டுக்குத்தான். எங்கப்பா செத்தப்ப எனக்கு அழுகை வரல, இதைக் கேட்டப்பதான் வந்துச்சுன்னு ஒரு பையன் எழுதியிருந்தான். அதை நான் நெவில்கிட்ட காட்டல, கிழிச்சுப் போட்டுட்டேன்.

அஞ்சு மணிக்கு முடிஞ்சுது. முடிஞ்ச கையோட நெவில்கிட்ட, உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில உங்களைக் கேக்குறாராம், போன் வந்துச்சுன்னு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்படியே வேன்ல ஓடுனாங்க. ஹோரஸ் நாலே முக்காலுக்கே போயிட்டாரு.

கடைசி வரைக்கும் பையன் வந்துட்டானா, வந்துட்டானான்னு வாசலையே பாத்தாராம். பக்கத்துல இருந்தது உங்கம்மாதான்.

அடக்கம் முடிஞ்சு சாப்பாட்டுக்கு கிளப்புல எல்லாரும் உக்காந்திருக்கோம். நெவில் எழுந்து, அத்தனை பேர் முன்னாடி உங்கம்மாவைக் கேட்டாரு. மூணு மணிக்கே ஆம்புலன்ஸ் வந்துச்சாமே ஆன்ட்டி, எனக்கு அஞ்சு மணிக்கு போன் பண்ணியிருக்கீங்க, ரெண்டு மணி நேரம் என்ன பண்ணீங்கன்னு. உங்கம்மா, மூணு இருபதுக்கு செருப்பு கூட மாத்தாம தெருமுனை போன் பூத்துக்கு ஓடுனேன்டா, ஒரு பொண்ணு எடுத்துச்சு, இதோ சொல்றேன்னுச்சுன்னாங்க. எந்தப் பொண்ணு? அங்க இருந்தது இதோ இந்த லினெட் ஒருத்திதான், அவ போன் வந்த நிமிசமே எங்கிட்ட ஓடி வந்தா, பொய் சொல்லாதீங்கன்னு கத்துனாரு.

உங்கம்மா என்னைப் பாத்தாங்க. நான் சாண்ட்விச் தட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

அவ்வளவுதான். ஒட்டு வீட்டுக்காரங்க, அதுக்கப்புறம் அவரு ஒரு வார்த்தை பேசல. ஆனா தெருவே பேசிச்சு. ஐவிக்கு ஹோரஸ் மேல என்ன கோவமோ, குடிச்சிருந்தாளோ என்னவோன்னு எல்லாம். உங்களுக்கு எழுதவே இல்லையா? எழுத மாட்டாங்க, அவங்க அப்படித்தான்.

ஒரு தடவ, இருபது வருஷம் இருக்கும், டட்லி மார்க்கெட்ல உங்கம்மா எதிர்ல வந்துட்டாங்க. பையைக் கீழ வெச்சிட்டு எங்கிட்ட கேக்குறாங்க, ஏம்மா லினெட், எங்க வீட்டு கடிகாரம் தப்பா ஓடியிருக்குமோ, எனக்குத்தான் நினைப்புப் பிசகிருச்சோன்னு. சண்டையா கேக்கல. நெசமாவே கேட்டாங்க. நான், இருக்கலாம் ஆன்ட்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

டீ ஆறிடுச்சு பாருங்க.

மன்னிப்புக் கேக்க அவங்க ஒண்ணும் பண்ணல பெவர்லி. கடிகாரம் சரியாத்தான் இருந்துச்சு. மூணு இருபதுக்கு போனை எடுத்தது நான்தான். சேதியை ஒரு சீட்டுல எழுதி கையில வெச்சுக்கிட்டேன். ரெக்கார்டிங் நடக்குதுன்னு செவப்பு லைட்டு எரியுது, இந்தப் பாட்டு முடியட்டும், முடியட்டும்னு நின்னுட்டேன். கெட்ட எண்ணம் இல்ல. அவரு வாசிக்கிறதை நிறுத்த எனக்கு மனசு வரல. மறுவாரம் சொல்லிடலாம்னு அவரு வீட்டுக்குப் போனேன். அவரு என் மடியில தலையை வெச்சு அழுதாரு. எல்லாரும் என்னை விட்டுட்டாங்க, நீ ஒருத்திதான் எனக்காக ஓடி வந்தேன்னாரு. அதுக்கப்புறம் எங்க சொல்ல?

இல்ல, அவருக்குத் தெரியாது. நாப்பத்தஞ்சு வருஷமா.

ஏங்க எழுந்துட்டீங்க? திட்டுறதுன்னா திட்டுங்க, நான் கேட்டுக்கறேன். நானும் வரேனே, ஒரு நிமிசம், கோட்டை மாட்டிக்கறேன். உங்கம்மா காது கேக்குறப்பவே சொல்லிடறேன்.

சரி, உங்க கார்ல வேணாம். எந்த வார்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க பெவர்லி, நான் பஸ்ல வந்துர்றேன்.