கோல் கம்பத்துக்குப் பின்னால்

— இன்னொரு தடவை வாசிங்க மொதலாளி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிங்க.

— எத்தனை தடவை வாசிச்சாலும் அதேதான் செல்லசாமி அண்ணே. நோட்டன் பிரிட்ஜ்காரன் இன்னைக்கு ஜெயிச்சுட்டான். அதனால நம்ம கல்லுமலை யுனைட்டட் பி பிரிவுக்கு எறங்குது. லீக் செகரட்டரியே போன்ல அனுப்பியிருக்காரு.

— அடக் கருமமே! போன வருசம் கப்பு தூக்குன டீம்யா! இதே மஸ்கெலியா பஜார்ல நான் தப்பு மேளம் அடிச்சு முன்னால வந்தேன், பின்னால முழுத் தோட்டமும் வந்துச்சு. உங்க கடை வாசல்லதானே எல்லாருக்கும் சோடா ஒடைச்சுக் குடுத்தீங்க?

— குடுத்தேன். ஜெர்சிக்குப் பின்னால என் கடைப் பேரையும் போட்டேன். இனிமே அந்தப் பேரு பி பிரிவுல ஓடும். ஒக்காருங்கண்ணே, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. இந்தாங்க, பிளேன்டீ குடிங்க.

— டீ ஒண்ணும் எறங்காது மொதலாளி, கீழ வைங்க. நாளைக்குக் காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல எந்த மூஞ்சியோட நிப்பேன்? கொழுந்து எடுக்குற பொம்பளைங்ககூடச் சிரிக்குமே.

— சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

— ஆமா, அதைச் சொல்லுங்க. ஒண்ணும் குடி முழுகிப் போகல. நம்ம ஜீவராஜ் இருக்கான். அவன் கோல்ல நின்னா ஒரே வருசத்துல மேல ஏறிடலாம்.

— அவன் நிக்கணுமே.

— என்ன மொதலாளி இழுக்குறீங்க?

— நான் வாயத் தொறக்க வேணாம்னு இருந்தேன். நேத்து சாமான் எடுக்கக் கொட்டகலைக்குப் போனேன். ரயில்வே ஸ்டேசனுக்கு இந்தப் பக்கம், பஜார் ரோட்டுல, நம்ம ஜீவராஜ் நிக்கிறான். பக்கத்துல யாரு தெரியுமா? சந்தனவத்தைத் தோட்டத்து டீம் செகரட்டரி.

— பேசிக்கிட்டு இருந்தாங்களா?

— பேசுறதா? ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுறாங்க அண்ணே. புது மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போற மாதிரி அந்தாளு இவனோட கையை விடவேயில்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

— ஆத்தாடி! கையைப் புடிச்சுக்கிட்டா? அப்ப எல்லாம் பேசி முடிச்சுட்டானுங்க!

— நான் "ஏ ஜீவராஜ்"னு கையைக் காட்டுனேன். நேரா என் மூஞ்சியைப் பாக்குறான், ஆனா பாக்காத மாதிரியே போறான். அதுதான் எனக்கு நெஞ்சுல குத்துச்சு.

— நம்புறதா வேணாமான்னு தெரியலையே மொதலாளி. அந்தப் பய இந்தத் தோட்டத்துலயே பொறந்து வளந்தவன். புல்லுக்கு மருந்து அடிச்சுக்கிட்டு கெடந்தவனை, கப்பு தூக்குனான்னு சொல்லி தோட்டத்துத் தொரையே கூப்பிட்டு தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல வேலை குடுத்தாரு. மழையில நனையாம, முதுகுல மருந்து டாங்கி சொமக்காம, தேயிலையைக் கூட்டிக்கிட்டு நிழல்ல நிக்கிற வேலை. அதையெல்லாம் விட்டுட்டா போவான்?

— சந்தனவத்தையிலயும் ஸ்டோர் இருக்குல்ல? அதுவும் அது ஏ பிரிவு டீம்.

— சத்தியமா போகமாட்டான். போன வருசம் நோட்டன் பிரிட்ஜ்ல ஆடுனமே, அந்த ஆட்டத்தை நெனைச்சுப் பாருங்க. பனி எறங்கி, எதுத்தாப்புல நிக்கிற ஆளே தெரியல. ரெஃப்ரி நிறுத்தலாமான்னு கேக்குறாரு. அவனுங்க எங்கேருந்து அடிக்கிறானுங்கன்னு எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியல. ஆனா ஜீவராஜ் பாய்ஞ்சு பாய்ஞ்சு புடிக்கிறான்! பந்து அவன் கையிக்குள்ள இருந்து பொறந்த மாதிரி!

— அதே ஆளுதான் போன ஞாயித்துக்கெழமை ஒரு கோல் விட்டான். அதையும் நெனைச்சுப் பாருங்க.

— அதைச் சொல்லாதீங்க.

— சொல்லித்தான் ஆகணும். தவழுற புள்ள உருட்டி விட்ட மாதிரி, பள்ளத்துத் தண்ணிப்பக்கமா மெதுவா உருண்டு வருது. குனிஞ்சு எடுத்தா முடிஞ்சது. இவன் மலைப்பக்கம் திரும்பி நிக்கிறான், செலை மாதிரி. பந்து உள்ள போனதுக்கப்புறம் நாம கத்துனோமே, அப்பத்தான் திரும்பிப் பாத்தான். எறங்கப்போற டீமுக்குக் கோல்ல நின்னா என்ன, நிக்காட்டி என்னன்னு நெனைச்சுட்டான்.

— காசுக்கு ஆட்டத்தை வித்துட்டான்னு சொல்றீங்களா?

— நான் சொல்லல. பஜாரே சொல்லுது.

— லயத்து வீடுகள்ல பயலுகளும் அதைத்தான் சொல்லுறானுங்க. நான் ஒதைப்பேன்னு சொல்லி வெரட்டி விட்டேன். இப்ப நீங்களே... மொதலாளி, மொதலாளி, பேச்சை நிறுத்துங்க. ரோட்டைத் தாண்டி யாரு வர்றான்னு பாருங்க.

— ஜீவராஜ் சம்சாரம். சரி, நீங்க சும்மா இருங்க, நான் பேசுறேன்... வாங்க ஜெயந்தினி தங்கச்சி, வாங்க! நெற மாசத்துல இவ்வளவு தூரம் ஏன் நடந்து வந்தீங்க? ஸ்டூலைப் போடுறேன், ஒக்காருங்க.

— ஒக்கார வரலைங்க மொதலாளி. செல்லசாமி மாமா இங்க இருக்காருன்னு சொன்னாங்க. அவரைத்தான் பாக்க வந்தேன்.

— என்னையா? என்ன புள்ள?

— நேத்து பொழுது சாயுறப்போ எங்க லயத்துக் காம்பராக் கூரைத் தகரத்துல கல்லு விழுந்துச்சு மாமா. ஒரு கல்லு இல்ல. "வித்துட்டான் வித்துட்டான்"னு கத்திக்கிட்டே எறிஞ்சானுங்க. யாருன்னு எனக்குத் தெரியும். பேரு சொல்ல வரல. நீங்க சொன்னா கேப்பானுங்க, நிறுத்தச் சொல்லுங்க.

— கல்லு எறிஞ்சானுங்களா? புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுலயா? அடப் பாவிகளா! நாளைக்கே அவனுங்க காலை ஒடைக்கிறேன் பாரு!

— அண்ணே, கொஞ்சம் பொறுங்க. தங்கச்சி, கல்லு எறிஞ்சது தப்பு, பெரிய தப்பு. ஆனா நாங்க ஒண்ணு கேக்குறோம், நீங்க மறைக்காம சொல்லணும். ஜீவராஜ் இங்க இருப்பானா, போவானா?

— எங்க போறாரு?

— சந்தனவத்தைக்கு.

— யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. நேத்து கொட்டகலையில நானே பாத்தேன். அந்த செகரட்டரி கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு.

— ஓ. அதை நீங்க பாத்தீங்களா.

— பாத்தேன். இந்தா பாருங்க தங்கச்சி, அவன் இருக்கட்டும். கொழந்தைக்கு வேண்டியதை இந்தக் கடையிலருந்து எடுத்துக்குங்க. புது கிளவுஸ் கொழும்புல சொல்லி எடுத்துத் தர்றேன். நீங்க சொன்னா அவன் கேப்பான்.

— அவரு நான் சொன்னாக் கேப்பாருதான் மொதலாளி. நான் சொல்லித்தான் எல்லாம் கேட்டாரு.

— பாத்தீங்களா, பாத்தீங்களா மொதலாளி! நான் சொல்லல? மைதானத்துலயே புருசனை ஏவுற புள்ள இது! கோலுக்குப் பின்னால நின்னுக்கிட்டு "மேல பாரு, கீழ பாரு, இங்க வா, குனி"ன்னு கத்துற கத்துல, எதுத்த டீம்காரன் சிரிச்சு வயித்தைப் புடிச்சுக்குவான். வேலை ஏவுற கண்டாக்கு அய்யா மலையில நின்னு கத்துறது கூட அவ்வளவு தூரம் கேக்காது.

— அண்ணே, சிரிக்கிற நேரமா இது?

— இல்ல மொதலாளி, இருக்கிறதைச் சொல்றேன். இவளை அந்தத் தூரத்து மரத்தடிக்கு அனுப்புனதுக்கப்புறந்தான் மைதானம் நிம்மதியா இருந்துச்சு.

— நிம்மதியா இருந்துச்சா மாமா?

— கோவிச்சுக்காத புள்ள. உன் நல்லதுக்குத்தான் அனுப்புனேன். நமக்குக் கண்ணு பட்டுருச்சு, அதுனால ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் கோல் கம்பத்துக்குப் பின்னால சூடம் ஏத்தி பூசணிக்கா ஒடைக்கணும்னு முடிவு எடுத்தோம். ஒடைச்ச எடத்துல வாயும் வயிறுமா இருக்கிறவ நிக்கலாமா? எந்த ஊர்ல நிப்பாங்க?

— நிக்கக்கூடாதுதான். அதுனாலதான் நானும் ஒண்ணும் பேசாமப் போனேன்.

— போயி நல்லா நிழல்ல ஒக்காந்து பாத்த.

— பாத்தேன் மாமா. அந்த மரத்தடியிலருந்து எல்லாமே நல்லாத் தெரியும். போன ஞாயித்துக்கெழமை அந்தப் பந்து தண்ணிப்பக்கமா உருண்டு வந்ததும் தெரிஞ்சுது. உசுரு போற மாதிரி கத்துனேன். அவருக்கு எட்டல. நீங்க தப்பு அடிச்சுக்கிட்டு இருந்தீங்க.

— நீ கத்தி என்ன பண்ண? பந்து அவன் கண்ணு முன்னாலதானே வந்துச்சு?

— கண்ணு முன்னாலதான் வந்துச்சு.

— அப்புறம் என்ன?

— மொதலாளி, அந்தக் கதவை கொஞ்சம் சாத்துறீங்களா?

— சாத்திட்டேன். சொல்லுங்க தங்கச்சி. ஏன் அழுறீங்க? தண்ணி தரவா?

— வேணாம். நான் சொல்றது இந்தக் கடையை விட்டு வெளிய போகக்கூடாது. அவரு கோல்ல நிக்கிற வரைக்கும்தான் எங்களுக்கு ஸ்டோர் வேலை. தொரை காதுக்குப் போச்சுன்னா அதுவும் இல்ல. வயித்துல புள்ளையோட சொல்றேன். வித்துட்டான் வித்துட்டான்னு தகரத்துல கல்லு விழுந்ததுக்கப்புறம் மறைச்சு என்ன ஆகப்போகுது?

— என்ன புள்ள, பயமுறுத்துற?

— கப்புக்கு ஆடுறதுக்கு முன்னால, பதினாலாம் நம்பர் மலையில புல்லுக்கு மருந்து அடிச்சுக்கிட்டு இருந்தப்போ டாங்கிக் குழாய் புட்டுக்கிச்சு. மருந்து நேரா மூஞ்சியில. கண்ணைக் கழுவிட்டு வந்துட்டாரு. மறுநாள் சரியாப் போச்சுன்னு சொன்னாரு. சரியாப் போகல.

— எந்தக் கண்ணு?

— ஒண்ணு அப்பவே போச்சு. இன்னொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா பனி மூடுற மாதிரி மூடிக்கிட்டு வந்துச்சு. நோட்டன் பிரிட்ஜ்ல நீங்க ஒரு நாள் பாத்தீங்களே ஒரு பனி, அது அவருக்குத் தெனமும்.

— ஆத்தாடி... மொதலாளி, என்ன சொல்றா இவ?

— இருங்கண்ணே. தங்கச்சி, அப்ப கொட்டகலையில...

— கண்ணு பாக்குற டாக்டர் கொட்டகலைக்கு வந்திருந்தாரு. பஸ் ஏறுனா எனக்கு வாந்தி வருது, அதுனால தனியாப் போனாரு. ரோட்டைத் தாண்டத் தெரியாம நின்னிருக்காரு. அந்த சந்தனவத்தை அண்ணன் பாத்துட்டு, பாவம்னு கையைப் புடிச்சுத் தாண்டி விட்டுருக்காரு. அவ்வளவுதான் மொதலாளி.

— நான் கையைக் காட்டுனேனே. நேரா என்னையப் பாத்தானே...

— பாத்திருக்க மாட்டாரு.

— கடவுளே. நான் என்னத்தையெல்லாம் நெனைச்சேன். என்னத்தையெல்லாம் பேசுனேன்.

— ஏ புள்ள, இரு இரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கண்ணு தெரியாதவன் எப்படிப் பந்து புடிப்பான்? கப்பு எப்படித் தூக்குவான்? ஏ பிரிவுக்காரன் அடிக்கிற அடியை!

— நம்ம பக்கம் எந்த மைதானமா இருந்தாலும் ஒரு பக்கம் மலை இருக்கும், ஒரு பக்கம் பள்ளம் இருக்கும். இல்லையா மாமா?

— இருக்கும்.

— மலைப்பக்கம்னா மேல. பள்ளத்துப் பக்கம்னா கீழ. ஒசந்து வந்தா இங்க வான்னு சொல்லுவேன். உருண்டு வந்தா குனின்னு சொல்லுவேன். லயத்துக்குப் பின்னால நான் பந்தைத் தூக்கிப் போட்டுப் போட்டு ரெண்டு பேரும் பழகுனோம். கிட்ட வந்தாத்தான் அவருக்கு நெழலு மாதிரி தெரியும். அதுக்குள்ள எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும், மிச்சத்தை அவரு பாத்துக்குவாரு. பனி மூடிட்டா ஒதைக்கிற சத்தத்தை வச்சுச் சொல்லுவேன்.

— "மேல பாரு, கீழ பாரு..."

— ஆமா மாமா.

— நாங்க நீ அவனைத் திட்டுறேன்னு...

— திட்டுறேன்னே நெனைச்சுக்கட்டும்னு அவருதான் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சா நல்லது, யாருக்கும் சந்தேகம் வராதுன்னாரு.

— செல்லசாமி அண்ணே.

— ம்.

— பூசணிக்கா ஒடைக்க ஆரம்பிச்சது எப்போ?

— தைப்பொங்கல் கழிச்சு. ஏன்?

— நாம தோக்க ஆரம்பிச்சது?

— மொதலாளி, வேணாம்.

— சொல்லுங்கண்ணே.

— தைப்பொங்கல் கழிச்சுத்தான். தோத்தோம்னு அடுத்த ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய பூசணிக்காயா வாங்கிட்டு வந்தேன். அதுலயும் தோத்தோம். அதைவிடப் பெருசு வாங்குனேன். தூக்க முடியாம ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தானுங்க. ஐயோ... நானே போயி... என் கையாலயே... ஏ ஜெயந்தினி, நீ அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆயி! வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டேனா?

— எதைச் சொல்றது? எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுன்னு மைதானத்துல நின்னு சொல்றதா?

— சரி ஆத்தா, சரி. போனது போகட்டும். இப்பவாவது சொல்லு, டாக்டர் என்ன சொன்னாரு? ஆப்பரேசன் பண்ணா தெரியுமா? அடுத்த வருசம் கோல்ல நிப்பானா? நீ எங்க வேணாலும் நில்லு, நான் தப்பைத் தொட மாட்டேன், பூசணிக்காயை நெனைக்கவே மாட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நம்ம கீப்பரு இருப்பானா, போவானா?

— இன்னும் அதைத்தான் கேக்குறீங்களா மாமா? பூசணிக்கா ஒடைக்கணும், நீ போயி மரத்தடியில ஒக்காரு புள்ளன்னு கையை நீட்டிக் காட்டுனீங்கல்ல, உங்க கீப்பரு அன்னைக்கே மைதானத்தை விட்டுப் போயாச்சு.