கேட் பக்கம் ஒரு பாயிண்ட்

தையல்நாயகி: கேட் பக்கம் வேணாம். அந்த சாக்பீஸ் வட்டத்தை அழிச்சிடு ஜெபசீலா.

ஜெபசீலன்: அக்கா, கேமரான்னாலே முதல்ல கேட்தான். மாடிப்படி, பின்வாசல் எல்லாம் அப்புறம். அண்ணன் தெளிவா சொல்லிட்டாரு... ஆள் வந்து நின்னா லைட் தானா எரியிற மாடல்தான் வேணும்னு. சத்தமும் போடும்.

தையல்நாயகி: அதான் வேணாங்கறேன்.

ஜெபசீலன்: நாளைக்குக் காலையில கொத்தனார் வந்து சுவத்தைப் பூசிடுவாரு. அப்புறம் பைப் போடணும்னா திரும்ப உடைக்கணும். நல்லா யோசிச்சுக்கங்க.

தையல்நாயகி: யோசிச்சுட்டேன்... மத்தியான வெயில் இந்தப் புழுதியில விழுறப்ப, சுவத்துல நீ வெட்டின கோடெல்லாம் ஆறு மாதிரி இருக்கு.

ஜெபசீலன்: அது ஒயர் போற வழிக்கா. ஆறெல்லாம் இல்ல... ஆமா, இந்த வைஃபை பெட்டியை யார் ஜன்னல்ல கொண்டாந்து வச்சது?

தையல்நாயகி: உங்க அண்ணன்தான். தீபாவளிக்கு முன்னாடி ஒரு நாள் ஹால்லேருந்து தூக்கிட்டு வந்துட்டாரு. உள்ள இருந்தா சூடாகுதாம். அதுலேருந்து டிவியில பாதிப் படத்துல சுத்திக்கிட்டே நிக்குது.

ஜெபசீலன்: சூடாகுதுன்னு வெயில்ல வச்சிருக்காரா... நல்ல ஆளு.

தையல்நாயகி: அவர்கிட்ட யார் பேசுறது.

ஜெபசீலன்: அக்கா... ஒண்ணு சொல்லணும். பயப்படக் கூடாது.

தையல்நாயகி: சொல்லு.

ஜெபசீலன்: நேத்து பழைய கேமராவைக் கழட்டினேன்ல... அதுல பதிவானதைக் கொஞ்சம் ஓட்டிப் பாத்தேன். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒருத்தன் வந்து கேட் ஓரம் திட்டுல உக்காந்திருக்கான். நாலு வாரமா, வெள்ளிக்கிழமை மட்டும். வூட்டை நோட்டம் விடுறான் போல. அண்ணன் வந்ததும் சொல்லிடலாம்னு...

தையல்நாயகி: சொல்லாத.

ஜெபசீலன்: ஏன்க்கா?

தையல்நாயகி: அது உமேஷு... என் பையன். நீ இந்தத் தெருவுக்குக் குடி வர்றதுக்கு முன்னாடியே போயிட்டான்.

ஜெபசீலன்: ஏன்க்கா போனாரு?

தையல்நாயகி: நைட் ஷிப்ட் வேலையை விட்டுட்டேன்னு வந்து நின்னான். ஒன்றரை வருஷம் பகல்ல தூங்கி, கண்ணு உள்ள போயிருந்துச்சு. அவங்கப்பா, வேலை இல்லாம இந்தக் கேட்டைத் தாண்டாதன்னு சொல்லிட்டாரு. எட்டு மாசமாச்சு. இன்னும் தாண்டல. காட்டாங்குளத்தூர்ல கூட்டாளிங்க ரூம்ல இருக்கானாம்.

ஜெபசீலன்: அங்கேருந்தா வர்றாரு?

தையல்நாயகி: முதல் ட்ரெயினைப் பிடிச்சு தாம்பரத்துல இறங்கி நடந்து வருவான் போல. நான் போர்வைக்குள்ள போனை வச்சுக்கிட்டு அந்தக் கேமராவுல பாப்பேன். பக்கத்துல இவரு குறட்டை. பனியில எல்லாம் கறுப்பு வெள்ளையா இருக்கும்... கேமரா முன்னாடி ஒரு பூச்சி பறந்துகிட்டே இருக்கும், பெரிசா, வெள்ளையா. அதுக்குப் பின்னாடி இவன் சின்னதா. தெரு நாய் வந்து கால்கிட்ட படுத்துக்கும். சில நாள் பாத்துக்கிட்டிருக்கேனா, தூங்கிட்டேனான்னே தெரியாது.

ஜெபசீலன்: கதவைத் திறந்து கூப்பிடலாம்ல.

தையல்நாயகி: ஒரு தடவை போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போயிட்டான். அப்புறம் மூணு வாரம் வரல. நீ லைட்டைப் போட்டு சத்தத்தையும் போட்டா...

ஜெபசீலன்: புரியுதுக்கா. நாளைக்கு வெள்ளிக்கிழமை வேற... அங்க உக்காந்து என்னதான் பண்ணுவாரு?

தையல்நாயகி: போனைப் பாப்பான். அந்த வெளிச்சத்துல மூக்கு மட்டும் தெரியும். ரூம்லயும் அதே போன்தானே. அதை இங்க வந்து உக்காந்து பாக்க என்ன இருக்கோ.

ஜெபசீலன்: சரி. சன்ஷேடு அடியில சின்னதா ஒண்ணு வைக்கிறேன். லைட் இல்லாதது. நீங்க மட்டும் பாத்துக்கலாம். அண்ணன் கேட்டா அந்த மாடல் கிடைக்கலன்னு...

தையல்நாயகி: வர்றாரு. பேசாத.

துரைராஜ்: வட்டத்தை யாரு அழிச்சது?

தையல்நாயகி: நான்தான். லைட்டெல்லாம் வேணாம். எதிர் வீட்டுக்காரங்களுக்குக் கண்ணு கூசும்.

துரைராஜ்: எதிர்ல காலி மனை. பழைய கேமராவுல மூஞ்சி சரியாத் தெரியல. லைட் எரிஞ்சா கலர்ல தெரியும்னு இவன்தான் சொன்னான்.

தையல்நாயகி: யாரு மூஞ்சி?

துரைராஜ்: வர்றவன் மூஞ்சி.

தையல்நாயகி: லைட் எரிஞ்சா வர்றவன் வர மாட்டான்.

துரைராஜ்: இளைச்சிருக்கானான்னு ஒரு தடவை பாத்தா போதும்னு நினைச்சேன்... சரி. ஜெபசீலா, லைட் வேணாம். அக்கா சொல்றதைப் போடு.

தையல்நாயகி: உங்களுக்குத் தெரியுமா? குறட்டை விட்டுக்கிட்டுதானே இருந்தீங்க.

துரைராஜ்: குறட்டை நின்னா நீ போனை அணைச்சிடுவ.

ஜெபசீலன்: அண்ணா... நான் வேலையைப் பாக்கறேன். இந்த வைஃபை பெட்டியைப் பழையபடி ஹாலுக்கே கொண்டு போயிடவா? புதுப் பேரு, புது பாஸ்வேர்டு போட்டுக் குடுத்துடறேன். வூடு பூரா ஒரே மாதிரி கிடைக்கும்.

துரைராஜ்: ஹால்ல புதுசா ஒண்ணு வை. இது இங்கேயே இருக்கட்டும். இதுக்கு இந்தச் சுவத்துல ஒரு பாயிண்ட் குடு, கேட்டைப் பாத்த மாதிரி. பேரு, பாஸ்வேர்டு எதையும் தொடாத. அது அவன் வச்சது.

ஜெபசீலன்: கேட்ல எதுக்குண்ணா வைஃபை?

தையல்நாயகி: சொல்லுங்க. சூடாகுதுன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?

துரைராஜ்: இந்தப் பெட்டியில யார் யார் போன் சேருதுன்னு லிஸ்ட் காட்டும். ஹால்ல இருந்தப்ப வெள்ளிக்கிழமை விடியக்காலையில அவன் பேரு வரும், சிக்னல் பத்தாம ரெண்டு நிமிஷத்துல போயிடும். ஜன்னலுக்குக் கொண்டாந்த பிறகு நாப்பது நிமிஷம் உக்காந்திருக்கான்.