வெயிலில் பார்த்த வெப்சைட்

ஆம்பூரில் ரயிலேறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். லேப்டாப் பையை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:

"தோல் கம்பெனி முதலாளி புது வெப்சைட்டை வெயில்ல காட்டச் சொன்னாருடி."

செல்போனைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் தோழி.

"தோலுக்கு வெயில்ல பார்த்துதான கலர் ஓகே பண்ணுவாங்க? அதே பழக்கம். பச்சை ஜாஸ்தி, சிவப்பு கம்மின்னு ஒரே பேஜார். இந்த வாட்டியும் புடிக்கலன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டாரு. கம்பெனி வாசல்ல லேப்டாப்பைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

"வெயில்ல ஸ்கிரீன் தெரியாதேடி?"

"தெரியல. கண்ணாடி மாதிரி அவரு மூஞ்சிதான் தெரிஞ்சுது. மீசையைத் தடவிக்கிட்டே, 'இப்பதாம்மா அம்சமா இருக்கு, இதையே போட்டுடு'ன்னாரு."

"நீ இன்னா பண்ணே?"

"முதல் பக்கம் பூரா அவரு போட்டோவைப் போட்டுட்டேன். அப்புறம் ஒரு குறையும் சொல்லல."