கட்டின்மேல் ஒரு சிவப்பு விளக்கு

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் ஊர் பெட்ரோல் பங்க் வரிசையில் நான் ஆறாவது. இரண்டு முறை எண்ணிவிட்டேன். எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண். அவளுக்கு முன்னால், பைக்கின் பின்சீட்டில் பெரிய பனியன் கட்டு ஏற்றிய ஒருவர். கட்டின்மேல் சிறிய சிவப்பு விளக்கு.

"ஏனுங்ண்ணா, உங்க கட்டு என்னையப் பாத்துக் கண்ணடிக்குது" என்றாள் அவள்.

"வேகம் கொறைஞ்சா அது தானா எரியுமுங்க. வண்டி லைட்டு பிரேக்கத் தொட்டாத்தான் எரியும். நான் கியரக் கொறைச்சே நிறுத்தறவன். போன மாசம் பின்னால வந்த வேன்காரன் தெரியலீன்னு இடிச்சுட்டான். கை கிழிஞ்சு, ரண்டு விலா எலும்பும் போச்சுங்க. அப்பறந்தான் இத மாட்டுனேன்."

"கம்பெனில ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"வெளக்கு கிளிப்போட துரு வெள்ளத் துணில கறையாகும், கழட்டு, இல்லீன்னா நாளைக்கு லோடு இல்லைன்னாரு மேனேஜரு."

"கழட்டிருவீங்களா?"

"மாட்டனுங்க. வேன் இடிச்ச அன்னிக்குப் பதினாலு பனியன்ல என் ரத்தம். அது கறையில்லீங்களான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

"லோடு தரலீன்னா?"

"திருப்பூருல ஒரே கம்பெனிதான் இருக்குதுங்களா?"

வரிசை நகர்ந்தது. அவர் ஆக்சிலரேட்டரை விட்டதும் விளக்கு எரிந்தது. ஸ்கூட்டர் இரண்டடி தள்ளியே நின்றது.

"பாருங்க, நின்னுட்டீங்கல்ல" என்றார், திரும்பாமலே.