பக்கச் சுவர் தானாக விழவில்லை

நான் மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் உடையவள். வயது ஐம்பத்திரண்டு. கணவர் இல்லை. புராதனப் பகுதி என்று அரசு பாதுகாத்து வரும் பழைய தெருவில், எங்கள் அப்பா எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாக விட்டுப்போன மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்து, அங்கேயே தையல் கடை நடத்தி வந்தேன். வேறு போக்கிடம் எனக்கு இல்லை. தம்பி புதுக் குடியிருப்பில் வசிக்கிறான்.

வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. மேற்படி தெருவில் எதையும் இடிக்க அனுமதி கிடையாது என்று புராதனப் பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்து சொன்னபோது, "சரி சார், அதுவா விழுந்துட்டா?" என்று கேட்டான். அலுவலர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு தம்பி வெளிப்பக்கச் சுவரை ஒட்டி வரிசையாகச் செடி வைத்தான். ஒரு தொட்டிச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றி அறியாதவன், காலையும் மாலையும் வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போனான். செடியைவிடச் சுவர்தான் அதிகம் குடித்தது. அது மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். கேட்டதற்கு, "வீடு அழகா இருக்க வேணாமாக்கா?" என்றான். அதன் பிறகு தையல் மெஷினுக்குப் பின்னால் ஈரம் இடுப்பு உயரம் ஏறி, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஈரம் உன் உடம்புக்கு ஆகாதுக்கா, வேற வீடு பாரேன்" என்றான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "நீ முதல்ல குழாயை மூடுடா, என் உடம்பை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சம்பவத்தன்று காலை ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்து, "போட்டது போட்டபடி தெருமுனைக்கு வாக்கா, உடனே வா" என்று பதறினான். போனேன். அங்கே அவன் இல்லை. அவனைத் திட்டிக்கொண்டே திரும்பியபோது மேற்படி சுவர் மாடியோடு சேர்ந்து கடைக்குள் விழுந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உத்தரம் கிடந்தது. தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு தம்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் பண்ணினதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதக்கா" என்றான். "விழப்போகுதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். பிடித்திருந்த கையை விட்டுவிட்டான்.

அந்த போன் வராவிட்டால் இந்த வாக்குமூலம் கொடுக்க நான் இருந்திருக்க மாட்டேன். அதைச் சொன்னால் அவன் மாட்டிக்கொள்வான் என்பதும் எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவன். இருந்தும் சொல்லிவிட்டேன்.

இதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், எல்லாம் உண்மை. முதல் கையெழுத்து கோணிவிட்டதால் அதன் கீழே இன்னொரு முறை போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
(ஒப்பம்)