அசையாத நெற்றி

எனக்கு ஊசி என்றாலே பயம், சார். தடுப்பூசிக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். ஆனாலும் அகிலாவோடு சென்னைக்குப் போனேன். அவள் என் கொழுந்தன் பூபாலனின் பெண்டாட்டி. மகள் கயல்விழியின் கல்யாண போட்டோவில் நெற்றிச் சுருக்கம் தெரியக் கூடாதாம். கோயில் மலை அடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் கவலை அப்படித்தான் இருக்கும்.

நெற்றித் தசையை அசையவிடாமல் பிடித்துச் சுருக்கத்தை மறைக்கிற ஊசியில் டாக்டரம்மா இரண்டு மருந்தைச் சொன்னார். போடாக்ஸ் பெரும்பாலும் போட்ட இடத்தோடு நிற்குமாம். இன்னொன்று சீக்கிரம் பிடிக்கும், கொஞ்சம் பரவும், அளவுக் கணக்கே வேறாம்.

"நெத்தி அசையவே கூடாதுன்னா எதுங்க நல்லது?" என்று நான்தான் கேட்டேன்.

"லேசா அசையறதுதாம்மா அழகு."

"இல்லீங்க, இவளுக்கு முழுசா போடுங்க. பரவுறதே இருக்கட்டும்."

அகிலா தலையாட்டினாள். இந்த விஷயத்தில் என்னை நம்பினாள்.

என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு வந்த உறவு மொத்தமும் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்: "கௌரிக்கா நெத்தியில ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வீட்டுக் கதை. எண்ணினா தெருவே வந்துரும்." எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சத்தம்தான் பெரிது. நானும் சாம்பார் வாளியைக் கீழே வைக்காமல் சிரித்தேன்.

பூபாலன் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது எனக்கு மட்டும் தெரியும். "எப்ப வேணா நின்னுடும்னாங்க அண்ணி. கல்யாணம் முடியற வரைக்கும் அவகிட்ட சொல்லாதீங்க" என்றிருந்தான். அதைக் கேட்ட பிறகுதான் அவளிடம் போட்டோ பேச்சையும் ஊசிப் பேச்சையும் எடுத்தேன்.

ஊசி மருந்தின் பிடி விடுவதற்குள், ஒரு ராத்திரி நெஞ்சு நின்று அவன் போய்விட்டான். எங்கள் பக்கம் துக்கத்துக்கு வரும் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்துக்கு முகம் அழுவார்கள். வந்தவள் ஒவ்வொருத்தியும் அகிலாவைப் பக்கத்தில் பார்த்தாள். கண்ணீர் கொட்டுகிறது, நெற்றி மட்டும் வழவழவென்று கிடக்கிறது.

"இன்னாடி இது, கிளிசரின் போட்டுகினு அழறாளா?" என்று கனகம்மாசத்திரத்து வள்ளியம்மாள் என் காதைக் கடித்தாள்.

"எனக்கின்னா தெரியும்? ராத்திரி சோறு போட்டது அவதான்" என்றேன்.

அதற்குமேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. மற்றதை ஊரே பேசிக்கொண்டது. உடம்பை எரித்தாகிவிட்டது, அவன் வைத்தியம் பார்த்த இடத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. கயல்விழியின் கல்யாணம் நின்றது.

காரியம் முடிந்ததும் அகிலா மகளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஊசியாலதான் என் மூஞ்சி இப்படின்னு சொல்லுங்கக்கா. பெத்த பொண்ணே நம்பமாட்டேங்குது."

"ஆங்? ஊசியா? நாம பொடவை எடுக்கத்தானே போனோம்" என்றேன்.

கயல்விழி அம்மாவின் கையை உதறிவிட்டுப் போய்விட்டாள். அகிலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் திருவாலங்காட்டுப் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தாள். அவளை அங்கே அனுப்பியது நான்தான் என்றால், சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று, சார். என்னை ஓட்டை வாய் என்பார்கள். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஊசி விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினவள் அகிலாதான். வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைக் கடைசிவரை காப்பாற்றினேன். அதைப் போய்க் குற்றம் என்கிறீர்கள்.