கருநீலத்துக்குப் பதிலாகக் கறுப்பு

கருநீலமும் கறுப்பும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் வேறு வேறு. தனித்தனியே பார்த்தால் யார் கண்ணும் ஏமாறும். வயது அறுபத்தாறு என்றால் கேட்கவே வேண்டாம். துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிற எங்கள் நெப்ராஸ்காப் பெண்களுக்கு இது தெரிந்த விஷயம். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

லவோன் என் தங்கை, அறுபத்தாறு வயது. மணமுறிவுக்குப் பிறகு என்னிடம் வந்தாள். பதினொரு வருடங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அதற்கு முன், என் கணவர் இறந்த பிறகு, நான்கு குளிர்காலங்களை நான் இங்கே தனியாகக் கழித்தேன். மளிகைக் கடையில் வாய் திறந்தால் என் குரல் கரகரத்து வரும். அதுதான் அன்றைக்கு நான் பேசும் முதல் பேச்சாக இருக்கும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

லவோன் போர்வைகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பாள். அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. எங்களிடம் இருந்த துணி ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து நான் அதில் ஏற்றியிருந்தேன். திரையில் கட்டங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துணியை வைத்துப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் ஒரு துணியைக் காட்டி இன்னொன்றைச் சொடுக்கினால் போதும். அது இருந்த இடத்திலெல்லாம் இது வந்துவிடும். அவள் முடித்ததும் நான் அச்செடுத்து, அதன்படி துணியை வெட்டி அடுக்கிக் கொடுப்பேன். அவளுக்கு வெட்டப் பொறுமை கிடையாது. தைப்பது மட்டும் அவள்.

போன வருடம் மார்ச்சில் மைலோ அவளைத் தன்னோடு அரிசோனாவுக்கு வந்துவிடச் சொன்னார். தேவாலயத்தில் அவளோடு சேர்ந்து பாடுகிறவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"கல்யாணமா?" என்று கேட்டேன்.

"இந்த வயசுல கல்யாண கேக்கெல்லாம் யாரு வெட்டறது. சும்மா வெயில்ல போய் உக்காரப் போறோம். நீயும் ஒரு தடவ வந்து பாரேன், ஆர்டிஸ்."

அந்த வாரம் அவள் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, கம்ப்யூட்டரில் அவள் முடித்து வைத்திருந்த வடிவத்தில் கருநீலத்தைக் கறுப்பாக்கினேன். பிறகு கறுப்பை வெட்டிக் கொடுத்தேன். சந்தேகம் இல்லாமல் தைத்தாள்.

போர்வை தைக்கும் பெண்களின் சங்கத்தில், ஜூன் மாதக் கூட்டத்தில் அதை விரித்தாள். நட்சத்திரங்களுக்குப் பின்னால் நல்ல கருநீல வானம் என்று சொல்லிக்கொண்டே விரித்தாள். சங்கத் தலைவி பெர்னடீன் விளிம்பைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினாள்.

"கருநீலமா? லவோன், இது சாவு வீட்டுக் கறுப்புடி. அடுத்த தடவ விளக்கப் போட்டுட்டுத் தையேன்."

எல்லோரும் சிரித்தார்கள். லவோனும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதிலும் கறுப்புதான் இருந்தது.

"நானா இத வெச்சேன்?"

"வேற யாரு வெப்பா" என்றேன்.

எங்கள் அம்மாவுக்குப் பார்வை போனது அப்படித்தான் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு காலில் கருநீலக் காலுறையும் மறுகாலில் கறுப்புமாகத் தேவாலயத்துக்குக் கிளம்பினாள். அதன் பிறகு ஆறு வருடங்கள் லவோன்தான் பார்த்துக்கொண்டாள். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது அந்த அறையில் அவள்தான் இருந்தாள். அதனால் தன் கண்ணை ஒரு டாக்டரிடம் அவள் காட்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கோடையில் ஊதாவைப் பழுப்பாக்கினேன். இலை உதிரும் காலத்தில் அடர்பச்சையைச் சாம்பலாக்கினேன். மொத்தம் மூன்று போர்வைகள், அவ்வளவுதான். மீதியை அவளுடைய பயமே செய்தது. நவம்பரில் கார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். அன்றே மைலோவுக்கு ஃபோன் செய்தாள்.

"கண்ணு தெரியாத பொம்பளைய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

அவர் ஏதோ சொன்னார்.

"நீ பாத்துப்பேன்னு தெரியும். எங்கம்மாவ நான் பாத்தேன். அதனாலதான் வேணாங்கறேன்."

நான் ரொட்டியைச் சூடாக்கி அவள் முன்னால் வைத்தேன். இந்தக் குளிர்காலம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மாலையில் நான் படிப்பேன், அவள் கேட்பாள்.

அவள் கண்ணைக் கட்டியிருந்த துணியைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நான் கட்டவில்லை. ஜனவரியிலிருந்து தினமும் காலையில் அவளே கட்டிக்கொள்வாள். பார்வை முழுதாகப் போவதற்குள் வீட்டைக் கையால் கற்றுக்கொள்ள வேண்டும் என்பாள். தடவித் தடவிச் சமையலறைக்கு வந்து காபி ஊற்றிக்கொண்டு, "ஒரு சொட்டு சிந்தல, பாத்தியா" என்பாள். நன்றாகவே பழகிவிட்டாள்.

திங்கட்கிழமை பெர்னடீன் வந்தாள். லிங்கன் நகரில் ஒரு கண் டாக்டரிடம் வியாழனுக்கு நேரம் வாங்கியிருந்தாள்.

"வரமாட்டேன்னா தலையில சாக்கப் போட்டுத் தூக்கிட்டுப் போவேன். எப்படியும் உனக்கு வித்தியாசம் தெரியாது."

லவோன் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். போகலாம் என்றாள்.

ஒரு குறையும் இல்லாத அந்தக் கண்களைப் பார்த்தால் டாக்டர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே புரியும்.

நிலவறைக்கு இறங்கும் கதவு சமையலறையில், மளிகை அலமாரியை ஒட்டி இருக்கிறது. எப்போதும் மூடியிருக்கும். புதன்கிழமை காலை நான் அதைத் திறந்து வைத்தேன். ஒரு கணுக்கால் பிசகினால் போதும் என்று நினைத்தேன். வியாழன் கடந்துவிடும், பிறகு பனி கொட்டும், பெர்னடீனும் மறந்துவிடுவாள். லவோன் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் இருந்தது.

அவள் விழுந்தது பத்தரைக்கு. நான் உங்களை அழைத்தது பதினொன்றேகாலுக்கு. இடையில் நான் கடைசிப் படியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றி, வசந்தத்தில் தைக்கப்போகும் போர்வையைப் பற்றி. நடுவில் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. கண்கட்டை அவள் அவிழ்க்கவில்லை. நானும் அவிழ்க்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள்.

"நல்லவேளை, ஆர்டிஸ், நீ கூட இருக்கே" என்றாள்.

அதை மட்டும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.